சத்தம் போட்ட அக்கா

சத்தம் போடுகிற பெண்களை எங்கள் ஊருக்குப் பிடிப்பதில்லை. நியாயமான விஷயத்துக்குச் சத்தம் போட்டால் இன்னும் பிடிப்பதில்லை. இதை நான் யாரிடமும் கேட்டறிந்து எழுதவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதுகிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மானிப்பாயில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். உள்ளறையில் இரத்தம் பார்ப்பவர் அக்கா. முன்மேசையில் பெயர் பதிந்து ரிப்போர்ட் கொடுப்பவள் நான். அக்கா குருநகர் ஆள். கடற்கரைக் காற்றோடு மல்லுக்கட்டிக் கதைத்துப் பழகிய வீட்டுக் குரல் அவருக்கு. உள்ளே மெதுவாகச் சொன்னதுகூட வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தக் குரலில் நான் அகப்பட்டேன். மழைக்காலம், காய்ச்சல்காரர் நெரிசல். ஒரு குழாயில் பெயர் எழுத மறந்துவிட்டேன். அந்த நேரம் இரத்தம் கொடுத்தவர்கள் மூன்றே பேர். மற்ற இரண்டு குழாயிலும் பெயர் இருந்தது. அக்கா அந்தக் குழாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"இது ஆற்றை ரத்தம்?"

"அந்த ஐயாவின்ரைதான் அக்கா. மிச்ச ரெண்டிலையும் பேர் கிடக்குத்தானே."

"அது நீர் நினைக்கிறது. குழாய் சொல்லேல்லை."

ஐயாவுக்கு மறுபடியும் ஊசி ஏறியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பழைய குழாய் என் கண்ணுக்கு முன்னாலேயே கழிவுப் பெட்டிக்குள் போனது. எனக்கு அழுகை வந்தது. பின்னேரம் அக்கா எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார், ஆனால் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு சொல் இருந்தது. வெறும் காய்ச்சல். எங்கள் சனத்துக்கு எல்லாமே வெறும் காய்ச்சல்தான். மூன்று நாளாக நெருப்பாகக் கொதித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். என்ன வருத்தம் என்று கேட்டால், "வெறும் காய்ச்சல்தான் மிஸ்" என்பார்கள். அக்காவின் முகம் சிவந்துவிடும்.

"வெறும் எண்டு ஒரு காய்ச்சல் உலகத்திலை இல்லை. உள்ளுக்கை ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துறான், நீங்கள் வெறும் எண்டுறியள்."

அவர்கள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்ப்பார்கள். இப்படிக் கத்துகிறாரே, வீட்டில் யாரையாவது டெங்குவுக்குப் பறிகொடுத்திருப்பாரோ என்று ஒரு அம்மா இரக்கப்பட்டு நேரிலேயே கேட்டார். அக்காவுக்கு அந்த இரக்கம்தான் எல்லாவற்றையும் விடக் கோபத்தைக் கொடுத்தது. "ஆரும் செத்தாத்தான் கத்தோணுமோ அம்மா? சாகாமல் இருக்கக் கத்தக் கூடாதோ?" என்றார்.

உள்ளே கத்துகிற அந்த ஒருத்தன் யார் என்று நான் ஒரு மத்தியானம் கேட்டேன். கேட்டது பிழையாகப் போயிற்று. சோற்றுப் பொதி ஆறும் வரைக்கும் அக்கா நிறுத்தவில்லை. கைத்தொலைபேசியில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை இறக்கி வைத்துப் படிக்கிறவர் அவர். நிலையத்தின் உரிமையாளர் அதற்காக அவரை "எங்கடை பேராசிரியர்" என்று நக்கலடிப்பார்.

"உடம்பிலை ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டியதைச் செய்விக்கிறதுக்கு ஒரு செய்தி எழுதி அனுப்பும். ஆர்.என்.ஏ எண்டு படிச்சிருப்பீர்தானே. எங்கடை கலம் எழுதின செய்தியெண்டால் அதின்ரை நுனியிலை ஒரு தொப்பி போட்டுத்தான் வெளியாலை விடும். வைரஸ் உள்ளுக்கை வந்தாலும் செய்திதான் எழுதும். ஆனால் அதின்ரை நுனி மொட்டை. அந்த நுனியைத் தடவிப் பாக்கிறதுக்கெண்டே கலத்துக்குள்ளை ஒருத்தன் இருக்கிறான். ரிக்-ஐ எண்டு பேர்."

"பொலிஸ் மாதிரியோ அக்கா?"

"பொலிசோ? உவன் அடிக்கவும் மாட்டான், பிடிக்கவும் மாட்டான். சும்மா நிக்கேக்கை தன்னைத்தானே மடிச்சுக் கையைக் கட்டிக்கொண்டு நிப்பான். மொட்டை நுனி ஒண்டு கையிலை பட்டா நிமிர்ந்து, தன்ரை ஆக்களைச் சேர்த்துக்கொண்டு கத்தத் தொடங்குவான். உடனை கலம் இன்டர்பெரோன் எண்டு ஒண்டை வெளியாலை விடும். பக்கத்து வீட்டுக் கலமெல்லாம் அதைக் கண்டு கதவைச் சாத்தும். காய்ச்சல், உடம்பு உளைவு எல்லாம் அந்தச் சத்தத்தாலை வாறதுதான். வைரஸ் தந்ததெண்டு நினைக்கிறம். எங்கடை உடம்பு போட்ட கூக்குரல் அது."

டெங்குவும் அப்படித்தானா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். எதிரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு ஒரு மரியாதை வரும்.

"டெங்கு கெட்டிக்காரன். தானும் அதே மாதிரித் தொப்பி செய்து போட்டுக்கொண்டுதான் வருவான். சூரன்போரிலை சூரன் தலையை மாத்தி மாத்தி வாறதைப் பாக்கிறனீங்கள்தானே, அது மாதிரி. ஆனால் அவசர அவசரமாப் பிரதி எடுக்கேக்கை எல்லாத்துக்கும் தொப்பி போட அவனாலை ஏலாது. ஒண்டு ரெண்டு மொட்டையாத் திரியும். அதிலை பிடிபடுவான்."

பிறகு அவருக்கே உரிய கோபம் வந்துவிட்டது. "பள்ளிக்கூடப் புத்தகத்திலை வெள்ளை அணுவுக்கு வாளும் கேடயமும் குடுத்துப் படம் கீறுவாங்கள். முதல்முதல் கத்தினவனை ஒருத்தனும் கீறமாட்டான்."

அவர் மட்டும் பிழைவிடாதவர் என்று சொன்னால் அது பொய். ஒருமுறை ஒரு முதியவருக்கு இரத்தத் தட்டணுக்கள் பயங்கரமாகக் குறைந்திருப்பதாக இயந்திரம் காட்டியது. அக்கா போட்ட சத்தத்தில் மகன்மார் வான் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே மறுபடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரி. குழாய்க்குள் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டதால் இயந்திரம் குறைத்து எண்ணிவிட்டது. ஐயா வழியில் பயந்து இரண்டு தரம் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். உரிமையாளர் ஆட்களுக்கு முன்னால் வைத்து அக்காவை ஏசினார். அக்கா வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு குறைந்த எண்ணிக்கை வந்தால், கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் தன் கண்ணால் பார்க்காமல் விடமாட்டார்.

"இனியாவது சத்தத்தைக் குறையுங்கோவன் அக்கா" என்றேன். எனக்கு அவர்மேல் விருப்பம் இருந்தது, அவருடைய வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

"ரிக்-ஐயும் சிலவேளை பிழைவிடுறவன்தான். எங்கடை சொந்தச் செய்தியையே வைரஸ் எண்டு கத்தி, உடம்பு தன்னைத்தானே தின்னத் தொடங்கின ஆக்களும் இருக்கினம். அதுக்காண்டி அவனை வெட்டி எறியேலுமோ? கத்திப் பிழைவிட்டா மன்னிப்புக் கேக்கலாம் பிள்ளை. கத்தாமல் பிழைவிட்டா ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

உரிமையாளர் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார். ஊழியர்கள் ரிப்போர்ட்டைக் கொடுப்பதோடு நிற்க வேண்டும், நோயாளருடன் அது பற்றிக் கதைக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது. யாருக்கு என்று சுவருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், அந்த விரதத்தை ஐந்து வருடமாகப் பிடித்து வந்தவர். கலியாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஆறு வருடம் தவறாமல் பிடித்தால் முருகன் மடியில் ஒன்றைப் போடுவான் என்று நம்பிக்கை. இது ஆறாவது வருடம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது, மாலைப் பூசை முடிந்த பிறகு ஒரு குவளை பால் மட்டும். ஊரில் எத்தனையோ பேர் நோகாமல் நொடியாமல் பிடிக்கிற விரதம்தான். ஆனால் மச்சாளுக்கு விரதம் தொடங்கிய அன்றே காய்ச்சல் தொடங்கியிருந்தது. விடச் சொன்னால் அழுதார். இரண்டாம் நாள் இரத்தம் கொடுக்க மட்டும் சம்மதித்தார்.

நாலாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசப் புளுகம். முருகன் எடுத்துவிட்டான். நான்தான் வற்புறுத்தி மறுபடி ஒருமுறை இரத்தம் பார்க்கக் கூட்டிவந்தேன். அண்ணையும் கூட வந்தார். அவர் கோயில் பரிபாலன சபையில் இருக்கிறவர், வேட்டி சால்வையோடு மாலைப் பூசைக்குப் போகிற அவசரத்தில் நின்றார்.

அக்கா கிறிஸ்தவர், ஆனாலும் விரதத்தின் ஆறு நாளும் அவர் மீன் கொண்டுவருவதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாணும் சம்பலும்தான். சின்ன அறை, நாங்கள் சைவம், மணம் எங்களுக்கு ஒத்துவராது என்று அவராகவே நிறுத்தியது. ஒருவரும் கேட்கவில்லை. யாரும் நன்றி சொன்னதுமில்லை.

அக்கா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தட்டணு இறங்கியிருந்தது. அவர் விரல் வைத்திருந்தது அதிலே அல்ல, இரத்தத்தின் தடிப்பைச் சொல்லும் எண்ணில். அது ஏறியிருந்தது.

"தங்கச்சி, கடைசியா எப்ப மூத்திரம் போனனீங்கள்?"

வாங்கில் பத்துப் பேர் இருந்தார்கள். மச்சாள் வெட்கத்தில் குனிந்துகொண்டார். "விடியத்தான்" என்றார் என் காதுக்குள். நான் அதைச் சொன்னேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. விரதத்தை விட்டிட்டுத் தண்ணி குடுங்கோ."

"காய்ச்சல் விட்டிட்டுதே" என்றார் அண்ணை.

"டெங்கிலை காய்ச்சல் விடுற நாள்தான் பொல்லாத நாள். சத்தம் ஓய்ஞ்சிட்டுது, கள்ளன் போயிட்டான் எண்டு நீங்கள் நினைக்கிறியள். ரத்தக் குழாயிலை இருக்கிற தண்ணி ஒழுகத் தொடங்கிறது இப்பதான். ரத்தம் தடிச்சுக்கொண்டு போகுது. வெளியாலை ஒண்டும் தெரியாது."

"நீர் டொக்டரோ?"

"இல்லை. டொக்டரிட்டைப் போங்கோ எண்டு சொல்லுறவள்."

"இன்னும் ரெண்டு நாள்தானே. சூரன்போர் முடியட்டும். நாளையிண்டைக்குக் கொண்டு போறம்."

"நாளையிண்டைக்கு நீங்கள் தனியத்தான் போவியள்."

சொல்லக் கூடாத சொல்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அண்ணையின் சால்வை நழுவியது. "வாயைக் கழுவும்! வேதக்காரிக்கு எங்கடை விரதத்தின்ரை அருமை தெரியுமோ?" என்று கத்திவிட்டு, மச்சாளைக் கையில் பிடித்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டொக்டர் சொன்னாலும் கேட்பார்கள், சாத்திரி சொன்னாலும் கேட்பார்கள், இரத்தத்தைக் கண்ணால் பார்த்தவள் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார்கள்.

"உம்மடை மச்சாள்தானே. போம். போய்த் தண்ணியைப் பருக்கும்" என்றார் அக்கா.

"அண்ணையை மீறி நான் எப்பிடியக்கா..."

அக்கா கையுறையைக் கழற்றி எறிந்தார். உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூள் பொட்டலங்கள் நாலைந்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். வேலை நேரம், உள்ளே இன்னும் ஏழு குழாய்கள் காத்திருந்தன. கூட வேலை செய்த இன்னொரு பரிசோதகரிடம் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

வீட்டுப் படலைக் கதவடியில் அக்கா நின்றுவிட்டார். "என்னைக் கண்டா அவ குடிக்கமாட்டா. நீர் உள்ளுக்கை போம். கையைத் தொட்டுப் பாரும். நகத்தை அமத்திப் பாரும், திரும்பச் சிவக்க எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு வந்து சொல்லும்."

அண்ணை கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். மச்சாள் சாமியறை வாசலில் பாயில் கிடந்தார். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நகத்தை அமத்தினேன், வெள்ளையாகவே கிடந்தது, மெல்ல ஆறுதலாகத்தான் சிவந்தது. தண்ணீரை நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். "ஆறாவது வருசம். நீரும் பொம்பிளைதானே" என்றார். அதற்கு மேல் கதைக்க அவருக்குச் சக்தி இல்லை.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் ஒழுங்கை முடிவில் இருந்த கோயிலை நோக்கி நடந்தார், நடை ஓட்டமானது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை. பூசை நேரம், விரதகாரர் நிறைந்து நின்றார்கள். மணி ஓய்ந்த இடைவெளியில் அந்தக் குருநகர்க் குரல் மூலஸ்தானம் வரைக்கும் போனது.

"ஐயா! ஒரு உயிர் போகுது ஐயா! உங்கடை முருகன் தண்ணி குடிக்க வேண்டாமெண்டு சொன்னவரோ எண்டு வந்து சொல்லுங்கோ!"

நூறு தலை திரும்பியது. அண்ணையின் தலையும்தான். யாரோ "ஆரடா உவள்?" என்றார்கள். யாரோ சிலுவையைப் பற்றி ஏதோ சொன்னார்கள், அதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் ஐயர், எழுபது வயது மனிதர், ஈர வேட்டியோடு வெளியே வந்தார். அக்கா மூன்று வசனத்தில் சொல்லி முடித்தார். ஐயர் அண்ணையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நோயாளிக்கு விரதம் இல்லை. அது இந்தச் சபைக்காரருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய செம்பில் தீர்த்தம் கொண்டுவந்தார்.

"அவ விரதம் முறியுமெண்டு குடிக்கமாட்டா ஐயா" என்றேன்.

"தீர்த்தம் எவ்வளவு குடிச்சாலும் விரதம் முறியாது பிள்ளை. நான் சொல்லுறன்."

அக்கா ஜீவனிப் பொட்டலத்தைக் காட்டினார். ஐயர் செம்பை நீட்டினார். கோயில் வாசலில் நின்றபடி அக்கா அதைக் கரைத்தார். ஐயர் மேலே இரண்டு துளசி இலையைப் போட்டு, செம்போடு எங்கள் வீட்டுக்கு நடந்தார், அண்ணையும் பின்னால் வந்தார். மச்சாள் ஐயரின் கையிலிருந்து வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, வாய் வாயாகக் குடித்தார். அக்கா படலைக்கு வெளியே ஓட்டோவைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றார். ஐயர் சொன்னபடியால் அண்ணையும் ஏறினார். ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று அண்ணையின் முகத்துக்கு நேரே சொன்னார். நாலு நாள் சேலைன் ஏறியது. மச்சாள் தப்பினார்.

அண்ணை அக்காவைத் தேடிப்போய்க் கும்பிட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு வாரத்தில் நிலையத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. பரிபாலன சபைக்காரர் ஐந்து பேர் கையெழுத்து, முதலாவது அண்ணையுடையது. வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போனார். பூசை நேரத்தில் கோயில் வாசலில் கூச்சல் போட்டார். விரதகாரப் பெண்ணின் சாவைப் பற்றிப் பலர் முன்னிலையில் அபசகுனமாகப் பேசினார். முன்பும் ஒரு முதியவரை வீணாகப் பயமுறுத்தினார். நான் அதை மூன்று தரம் படித்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மச்சாள் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

உரிமையாளர் சாட்சிக்கு என் கையெழுத்தைக் கேட்டார். அண்ணை வீட்டில், "போடாட்டி இந்தப் படி ஏறாதை" என்றார். எனக்கு அப்பா அம்மா இல்லை, அந்த வீட்டில்தான் இருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு வீடு இல்லை, எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. போட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார்கள். அவர் மேலிருந்து கீழே வாசித்து என் பெயரில் வந்து நின்றார். நான் தயாராக நின்றேன். பெயர் எழுதாத குழாய்க்கு ஊரைக் கூட்டியவர், இதற்குக் கூரையைப் பிய்ப்பார் என்று நினைத்தேன். பிய்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். பிறகு அவர் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தரம் குருநகர்ப் பக்கம் போனேன். கேட்கத் துணியாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மச்சாள் ஆறு மாதக் கர்ப்பிணி. எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு அறிவு தப்பிட்டுது. கண்ணை முழிச்சுப் பாத்தா ஐயர் தீர்த்தச் செம்போடை நிக்கிறார். ஆர் போய்ச் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. முருகன்தான் பூசையை விட்டிட்டுப் போடா எண்டு அவரை அனுப்பினவர்." விருந்தாளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை.

"ஓம் மச்சாள், முருகன்தான் அனுப்பினவர். குருநகரிலையிருந்து ஒரு வேதக்காரியை அனுப்பினவர். நீங்கள் குடிச்ச தீர்த்தத்தை அவதான் கரைச்சவ. உங்களைக் காப்பாத்தினதுக்கு அண்ணையும் நானும் கையெழுத்துப் போட்டு அவவின்ரை வேலையை எடுத்தனாங்கள்."

மச்சாள் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழும்பினார்.

"ஒரு வருசமா எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கத்தினார்.